மெருகு உருளையில் போன வாழ்த்து அட்டை

சாங்கானேர்
ஜூலை 9

அடியே அஃப்ஷான்,

ஸலாம். இது உனக்கு மட்டும். உன் தோளுக்கு மேலாக எட்டிப் படிக்கிறவர்களுக்குக் கிடையாது. அப்படி யாராவது இருந்தால் இங்கேயே கண்ணை எடுத்துக்கொள்ளச் சொல். அடுத்த வரியிலிருந்து அவர்களைப் பற்றித்தான்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சேதி தெரிந்துகொள்ள. இரண்டாம் தடவை எண்ணுவதற்கு. மூன்றாம் தடவை எண்ணியது சரியா என்று பார்க்க. உன் அறைத் தோழி துர்வா பதினோரு இடத்தில் வருகிறாள். லுப்னா ஒரே இடத்தில், அதுவும் உறையின் மேல். தபால்காரருக்குத் தேவைப்படாமல் இருந்திருந்தால் அதையும் விட்டிருப்பாய்.

துர்வா என்றால் அருகம்புல்தானே? அருகிலேயே ஒட்டிக்கொண்டு உட்காருவதால் அந்தப் பெயரா, இல்லை அந்தப் பெயரை வைத்ததால் ஒட்டிக்கொண்டு உட்காருகிறாளா? எனக்குப் புல்மேல் கோபம் கிடையாது. நாம் விதைக் காகிதம் செய்யும் வீட்டுப் பெண்கள். எது பயிர், எது களை என்று தெரியும், அவ்வளவுதான்.

இங்கே மழை. காகிதக் கூழுக்காகத் திருப்பூரிலிருந்து வந்த பனியன் வெட்டுத்துணி மூட்டையெல்லாம் நமுத்துக் கிடக்கிறது. கொடியில் தொங்கவிட்ட விதைக் காகிதம் மூன்று நாள் காயாமல் அங்கேயே முளைத்துவிட்டது. நூறு தாளுக்கும் பச்சை மீசை. உன் அப்பா வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது பட்டறையா வயலா?" என்றார். என் அப்பா, "ரெண்டு ஆட்டைப் புடிச்சுக் கட்டுடா, மேய்ஞ்சிட்டுப் போகட்டும்" என்றார். பிறகு இரண்டு பேரும் சாயங்காலம் வரை பேசிக்கொள்ளவில்லை.

நீ இங்கே இருந்தவரை கூழ்த் தொட்டியிலிருந்து சல்லடைச் சட்டத்தைத் தூக்குவாய், நான் சப்ஜா விதை தூவுவேன். இப்போது உன் இடத்தில் ஷகீலா சாச்சி. சட்டத்தைத் தூக்கும்போதெல்லாம் கொட்டாவி விடுகிறாள். பாதி விதை காகிதத்தில், பாதி அவள் வாயில். தண்ணீர் குடித்தால் உள்ளேயே ஃபலூதா தயார்.

உன் பள்ளிக்கூடம் விடுதியோடு சேர்த்து இடிந்து விழட்டும். யாருக்கும் காயம் இல்லாமல். ஒருத்திக்கு மட்டும் லேசாக.

உன் லுப்னா (உறையில் பார்த்திருப்பாய்)

*

அஜ்மீர், விடுதி
ஜூலை 17

லுப்னா,

வ அலைக்கும் ஸலாம். முதலில் ஒன்று. நான் உன்னைவிட ஐந்து மாதம் மூத்தவள். "அடியே" என்று தொடங்கும் கடிதத்தை வார்டன் மேடம் பிரித்துப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல அக்காவை இப்படித்தான் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டார். உனக்காக ஒரு பொய் சொன்னேன். எங்கள் ஊரில் அது மரியாதைச் சொல் என்று.

துர்வாவைப் பற்றி நீ எழுதியது நியாயமில்லை. இங்கே வந்த முதல் வாரம் நான் சாப்பிடவே இல்லை, அழுதுகொண்டே இருந்தேன். கைபேசியை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். அறையில் என்னைத் தவிர நான்கு பேர். மூன்று பேர் "அழாதே, அழாதே" என்றார்கள். இவள் என் தட்டை இழுத்து ரொட்டியைத் தின்ன ஆரம்பித்தாள். "என்ன பண்றே?" என்றேன். "அழுறவங்களுக்குப் பசிக்காதே, வீணாப் போகுமேன்னு பார்த்தேன்" என்றாள். கோபத்தில் பிடுங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் வயிறு நிறைந்தது. நீயாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாய். அதனால்தான் எனக்கு அவளைப் பிடித்தது. இதைப் புரிந்துகொள்ள உனக்கு மூளை முளைக்க வேண்டும்.

பட்டறையில் விதை போதும் என்பதற்கு நாம் மூக்கைச் சொறிவோமே, அதை அவளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன். இப்போது வகுப்பில் வரலாற்று டீச்சர் நீட்டி முழக்கும்போது இரண்டு பேரும் மூக்கைச் சொறிகிறோம். நேற்று டீச்சர், "ரெண்டு பேருக்கும் ஜலதோஷமா?" என்றார். செத்தோம் சிரித்து.

இப்போது ஓர் உதவி. ஆகஸ்ட் பன்னிரண்டு அவள் பிறந்தநாள். அவள் ஊர் பான்ஸ்வாராப் பக்கம், மக்காச்சோளம் போடுகிற வீடு. ஒரு வருஷம் இவள் விதை போட்ட பாத்தி முழுக்கப் பட்டுப்போனதாம். அன்றிலிருந்து "உனக்குக் கைராசி இல்லை" என்று அவள் அத்தை விதைப்பு நாளில் இவளை வயல் பக்கமே விடுவதில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் இங்கே ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூந்தொட்டி கொடுத்திருக்கிறார்கள், அதில் எதையும் நட அவளுக்குக் கை வரவில்லை.

அவள் கையால் ஒன்று முளைக்க வேண்டும் லுப்னா. அவள் நனைத்து நடுவதற்கு விதைத் தாளில் ஒரு வாழ்த்து அட்டை செய்து அனுப்பு. நம்ம சப்ஜா விதை, நீ தூவியது. "லுப்னா கை பட்ட தாள் முளைக்காமல் இருந்ததில்லை" என்று அவளிடம் பீற்றி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
அஃப்ஷான்

*

சாங்கானேர்
ஆகஸ்ட் 4

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா அஃப்ஷான் அவர்களுக்கு,

தங்கை லுப்னா பணிவோடு எழுதுவது. தங்கள் கட்டளைப்படி அட்டை இத்துடன் வருகிறது.

எவ்வளவு அக்கறையாகச் செய்தேன் என்று சொல்லவா? கூழை நானே அரைத்தேன். சட்டத்தை நானே தூக்கினேன், நானே தூவினேன். தூக்க ஆள் இல்லாததால் பக்கத்தில் ஒரு மூக்கும் இல்லை, போதும் என்று சொல்ல. என் மனதில் இருந்ததையெல்லாம் நன்றாக அழுத்தி, ஒன்று விடாமல் அழுத்தி, இதில் வைத்திருக்கிறேன். தொட்டுப் பார்த்தால் தெரியும். கண்ணாடி மாதிரி இருக்கும். உங்கள் அருகம்புல் இதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

முன்பக்கம் என் கையெழுத்தில் "துர்வாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து". பின்பக்கம் நம் பட்டறை முத்திரை, வழக்கம்போல: "நனை. நடு. காத்திரு."

அந்தக் "காத்திரு" எனக்கு மிகவும் பிடித்த சொல்.

தங்கள் உண்மையுள்ள,
லுப்னா

*

அஜ்மீர்
ஆகஸ்ட் 23

லுப்னா,

உன் அட்டை பத்தாம் தேதியே வந்துவிட்டது. உறையை வார்டன் மேடம் கூடத்தில் வைத்துப் பிரித்தார். எல்லாரும் சுற்றி நின்றோம். "அடடா, இது காகிதமா, பட்டுத் துணியா?" என்று ஒருத்தி கேட்டாள். கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. கட்டைவிரலை ஓட்டினேன்.

விதைத் தாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு விதையும் விரலுக்கு ஒரு சின்ன மேடாகத் தட்டுப்பட வேண்டும். இதில் ஒன்றுமே தட்டுப்படவில்லை. வழுவழுவென்று விரல் ஓடிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கறுப்புப் புள்ளியும் தட்டையாக, சுற்றி ஓர் எண்ணெய் வளையம்.

மெருகு உருளையில் விட்டு விதையையெல்லாம் நசுக்கி எடுத்திருக்கிறாய். இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து, எத்தனை தடவை ஓட்டினாய்? விதைத் தாள் உருளைப் பக்கமே போகக் கூடாது என்று நம் வீட்டில் நடக்கப் பழகுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். நீ தவறுதலாகச் செய்தேன் என்று சொன்னால் நம்பமாட்டேன். அதனால் சொல்லாதே.

துர்வா என் கையிலிருந்து அதைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் தேதி காலையில் குளித்துவிட்டு வந்து நனைத்து, கிழித்து, தொட்டியில் பரப்பி, மேலே மண்ணைச் சலித்துப் போட்டாள். சலித்து! சல்லடை கேட்டுச் சமையற்கட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை கையால் தெளிக்கிறாள். பதினோரு நாள் ஆகிறது. நேற்று என்னிடம், "உன் தங்கச்சி தாளுக்குக்கூட என் ராசியில்லாத கை ஒட்டிக்கிச்சு போலடி" என்றாள். சிரித்துக்கொண்டேதான்.

போன வருஷம் கணக்கு டீச்சருக்கு ரோஜா விதை என்று எழுதி முள்ளங்கி விதை வைத்துக் கொடுத்தாயே, அந்த டீச்சர் விளைந்த முள்ளங்கியில் பராத்தா செய்து வகுப்புக்கே கொண்டுவந்தாரே. துர்வாவுக்கும் நீ முள்ளங்கி வைத்திருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். முள்ளங்கியாவது முளைக்கும்.

நீ செய்ததை நான் அவளிடம் சொல்லமாட்டேன். நீ சொல். சொல்லும்வரை எனக்கு எழுதாதே.

அஃப்ஷான்

*

சாங்கானேர்
ஆகஸ்ட் 30

அஃப்ஷான்,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நான் சொன்ன பேச்சு கேட்பவள் என்று உனக்கு யார் சொன்னது?

நான் தெரியாமல்தான்

மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன், பார். தெரிந்துதான் செய்தேன். நான்கு தடவை ஓட்டினேன். விதை நொறுங்கும்போது சத்தம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. உருளை ஓட்டும் ரஃபீக் சாச்சா தொழுகைக்குப் போன நேரம்.

நீ எனக்குக் கடிதம் எழுதினால் போதும் என்று இருந்தேன். நீ ரொட்டியைப் பற்றி எழுதினாய், பொறுத்துக்கொண்டேன். அவள் என்னை மாதிரியே இருக்கிறாள் என்றாய். என்னை மாதிரி ஒருத்தி அங்கே இருந்தால் நான் எதற்கு இங்கே? சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். மூக்கை ஏன் கொடுத்தாய் அஃப்ஷான்? அது பட்டறை இரைச்சலில் பேச்சு கேட்காததால் நாம் கண்டுபிடித்தது. நான்தான் அந்த ஜாடையைச் சொன்னேன். உனக்கு உண்மையிலேயே அரிக்கிறதா, விதை போதும் என்கிறாயா என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தூவாமல் நின்றேனே, நினைவிருக்கிறதா? அதை எடுத்து வரலாற்று டீச்சருக்குச் செலவழித்துவிட்டாய். "செத்தோம் சிரித்து" என்று எனக்கே எழுதுகிறாய். நீங்கள் இரண்டு பேரும் சிரித்துச் செத்தீர்கள். நான் சும்மா செத்தேன்.

இப்போது யாருக்கு மூக்கு அரித்தாலும் எனக்கு எரிகிறது. ஷகீலா சாச்சிக்கு ஜலதோஷம், அவளைப் பார்த்தும் எரிகிறது.

கைராசி விஷயத்தை நான் அவ்வளவாக யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தேன். ஆனால் முளைக்காவிட்டால் அவள் என்னைத்தான் திட்டுவாள் என்று நினைத்தேன். தன்னையே திட்டிக்கொள்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நானாக இருந்தால் ஒருபோதும் என்னைத் திட்டியிருக்கமாட்டேன்.

இத்துடன் ஒரு பொட்டலம். நல்ல சப்ஜா, போன வாரம் வந்தது, ஈரத் துணியில் போட்டுப் பார்த்துவிட்டேன், பத்துக்கு ஒன்பது முளைக்கிறது. அவள் குளிக்கப் போகும்போது தொட்டியில் தூவிவிடு. ஐந்து நாளில் பச்சை தெரியும். அவளுக்குக் கைராசி வந்துவிடும், உன் தோழி சிரிப்பாள், எனக்குப் பெயர் கெடாது. யாருக்கும் நஷ்டமில்லை. என்ன சொல்கிறாய்?

லுப்னா

*

அஜ்மீர்
செப்டம்பர் 5

பொட்டலத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரிக்கவில்லை.

அவள் தொட்டியில் அவளுக்குத் தெரியாமல் நான் விதைத்தால் அது யார் கையால் முளைத்ததாகும்?

அ.

*

சாங்கானேர்
செப்டம்பர் 11

அஃப்ஷான்,

அவளுக்கு எழுதிவிட்டேன். தனி உறை, இன்றைய தபாலிலேயே வரும். நீ பிரிக்காதே. நீ பிரிக்கமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும்.

ஆறு தாள் கிழித்தேன். முதல் தாளில் நகைச்சுவை அதிகமாகிவிட்டது. இரண்டாவதில் மன்னிப்பு அதிகமாகி எனக்கே குமட்டியது. மூன்றாவதில் உன்னைப் பற்றிக் குறை எழுதிவிட்டேன். நான்காவதும் ஐந்தாவதும் அழுது நனைந்துவிட்டன. விதை வைத்த தாளாக இருந்தால் முளைத்திருக்கும். ஆறாவதில் சாயா கொட்டிவிட்டது, அது உண்மையிலேயே தவறுதலாக.

ஏழாவதில் இதுதான் எழுதினேன்:

"துர்வா, உன் அட்டை முளைக்காததற்கு நீ காரணமில்லை. அதை நான் உருளையில் விட்டு விதையையெல்லாம் கொன்றுதான் அனுப்பினேன். எந்தக் கையில் கொடுத்திருந்தாலும் முளைத்திருக்காது. நீ என் அஃப்ஷானை எடுத்துக்கொண்டாய் என்று பொறாமை. என் கை நல்ல கை என்று அவள் சொன்னது பொய்யாகிவிட்டது. உன் கை எப்படி என்று இன்னும் யாருக்கும் தெரியாது. லுப்னா."

"என் அஃப்ஷான்" என்பதை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

அவள் என்ன சொன்னாள் என்று உடனே எழுது. திட்டினால் திட்டியதை அப்படியே எழுது. எனக்குப் புதிய வசவு ஏதாவது கிடைக்கும்.

லுப்னா

*

அஜ்மீர்
செப்டம்பர் 19

லுப்னா,

உன் கடிதம் வந்தபோது அவள் தொட்டிக்குத் தெளித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்கு மேலாகியும் விடவில்லை. அங்கேயே நின்று படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு உள்ளே வந்து என் கட்டிலுக்கு எதிரே நின்றுகொண்டாள்.

"உனக்கு இது எப்போ தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "தொட்டதுமே" என்றேன்.

"கூடத்துல வெச்சா?"

"ஆமா."

"நான் நடுறதுக்கு முந்தியே?"

"ஆமா."

"ஒரு மாசமா நான் அந்த மண்ணுகிட்ட கெஞ்சிட்டு இருந்தேன்டி. நீ பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தே" என்றாள். "அவளாவது யாருன்னே தெரியாதவளுக்குப் பண்ணினா. எழுதியும் சொல்லிட்டா. உனக்கு என்ன கேடு?"

பிறகு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு கடைசி அறைக்குப் போய்விட்டாள். நான்கு நாள் ஆகிறது. பேசுவதில்லை. சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் நிற்க வேண்டியிருந்தால் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறாள்.

அவளுக்குச் சொல்லாத பதிலை உனக்குச் சொல்கிறேன். பெரிய நீதிமான் மாதிரி உனக்குக் கடிதம் எழுதினேனே, அப்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அட்டையைத் தொட்டதும் எனக்கு முதலில் கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. என் லுப்னா எனக்காக நான்கு தடவை உருளையைச் சுற்றியிருக்கிறாள் என்று. (அப்போது நான்கு என்று தெரியாது. நிறைய என்று தெரிந்தது.) இங்கே வந்து நீ என்னை மறந்துவிடுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன். உனக்கு அங்கே பட்டறை இருக்கிறது, எல்லாரும் இருக்கிறார்கள், எனக்குத்தான் எல்லாம் போயிற்று. அதனால்தான் துர்வா, துர்வா என்று எழுதினேன். உனக்கு எரியட்டும் என்று. மூக்கு விஷயத்தையும் அதற்காகத்தான் எழுதினேன். உனக்கு எரிந்தது. அந்த எரிச்சலைக் கையில் பிடித்துப் பார்த்தேன், பட்டு மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்தேன். அதற்குள் அவள் பிடுங்கிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அதனால் உன்னைச் சொல்ல வைத்தேன்.

உருளையில் விட்டது நீ. பார்த்துக்கொண்டிருந்தது நான். எது பெரிய தப்பு என்று நீயே சொல், உனக்குத்தான் வாய் அதிகம்.

இன்னொன்று. உன் கடிதத்தை அவள் தூக்கிப் போடவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரியிடம், "என்மேல பொறாமைப்பட ஒரு ஆளு இருக்கு பாரு, அதுவும் சாங்கானேர்ல" என்று காட்டினாளாம். அவளுக்கு உன்மேல் கோபமே இல்லை போலிருக்கிறது. எல்லாக் கோபமும் என்மேல். இது கொஞ்சம்கூட நியாயமில்லை.

அஃப்ஷான்

*

சாங்கானேர்
செப்டம்பர் 26

அடியே அஃப்ஷான் (மரியாதைச் சொல்),

எது பெரிய தப்பு என்று கேட்டாய். உன்னுடையதுதான். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, நீ ஐந்து மாதம் மூத்தவள். ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கூரைமேல் ஏறி, காய்கிற தாள்களுக்கு நடுவில் ஒருவரும் பார்க்காமல் ஒரு ஆட்டம் போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே உருளையில் நசுங்கினவர்கள்.

துர்வா எனக்குப் பதில் எழுதினாள். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள், பேசுவதில்லையே. அஞ்சலட்டை. மூன்றே வரி:

"உன் கடிதம் கிடைத்தது. பொறாமைப்படுகிற அளவுக்கு நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை, இருந்தாலும் நன்றி. செத்த விதையைத் தபாலில் அனுப்பியவள் உயிருள்ளதை நேரில் கொண்டுவர வேண்டும்."

நேரில்! அஞ்சலட்டையை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். எதற்கு அஜ்மீர் என்று கேட்டார். உன்னைப் பார்க்க என்று சொல்லலாம் என்றுதான் போனேன். அவர் கையில் எடைபோட்ட விதையோடு நின்றிருந்தார், அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

விதையைத் தராசிலேயே திருப்பிக் கொட்டினார். பிறகு, "பின்னாடி நம்ம முத்திரை போட்டிருந்தியா?" என்றார்.

"போட்டிருந்தேன்."

"நட்டா முளைக்கும்னு சொல்ற முத்திரை."

"ஆமாப்பா."

"உருளையில விட்ட தாளுக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஓர் அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். "அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்து நீயே சொல்லு. நான் பஸ்ல கூட வரேன், வாயைத் திறக்கமாட்டேன்" என்றார். அறையே மேல்.

தயாராக ஓர் அட்டையைக் கொண்டுவரப் போவதில்லை. அரைத்த கூழ் ஒரு மூடி போட்ட வாளியில், சின்னச் சட்டம் ஒன்று, துணி நான்கு, விதை ஒரு டப்பா. உங்கள் விடுதிக் கிணற்றடியில் வைத்துச் செய்யப் போகிறோம். வார்டன் மேடத்துக்கு அப்பா கடிதம் எழுதிவிட்டார். கூழில் சட்டத்தை முக்கித் தூக்குவது நான். தூவப் போவது துர்வா. ஒவ்வொரு விதையும் அவள் கையிலிருந்து விழும், அவளே காயவைப்பாள், அவளே நடுவாள். அப்புறம் கைராசியைப் பற்றி அவள் அத்தை பேசட்டும் பார்க்கலாம். முளைக்காவிட்டால்? எனக்குத் தெரியாது. வெயில் நன்றாக அடிக்கிறது, விதை நல்ல விதை. வேறு என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்துவிடுவோம். உன்னைப் பார்க்க இல்லை. துர்வாவைப் பார்க்க. நாங்கள் வேலை முடிக்கிறவரை நீ தள்ளி நில். பார்க்கலாம், பேசக் கூடாது. வயிறு எரிந்தால் எரியட்டும். எப்படி எரிய விடுவது என்று சந்தேகம் வந்தால் கேள், எனக்கு நல்ல பழக்கம்.

லுப்னா